அமெரிக்கக் காலனிக் கால வரலாற்றைக் கைக்காசு கரையாமல் படிப்பது எப்படி?

வங்கியில் 34 ஆண்டுகள் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். மகளைப் பார்க்க இரண்டு முறை நியூ ஜெர்ஸிக்குப் போய், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஆறு மாதம் தங்கினேன். காலை எட்டரை மணிக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அதன் பிறகு நானும் குளிர்சாதனப் பெட்டியின் முனகலும்தான் வீட்டில். ஒருநாள் பேத்தியின் பாடப்புத்தகத்தைப் புரட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டது: 1776-லிருந்து 1807 வரை நியூ ஜெர்ஸியில் சொத்துள்ள பெண்கள் வாக்களித்தார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. பிடித்துக்கொண்ட கிறுக்கு இன்னும் விடவில்லை.

முதல் பயணத்தில் இந்தக் கிறுக்குக்கு நான் செலவழித்தது 400 டாலருக்குக் கொஞ்சம் மேலே. பழைய புத்தகத் தொகுதிகள், ஒரு கட்டணத் தளத்தின் ஆண்டுச் சந்தா, வாஷிங்டனுக்கு ஒரு வீண் பயணம். இரண்டாவது பயணத்தில் அதைவிடப் பத்து மடங்கு படித்தேன். செலவு 110 டாலர், அதிலும் பெரும்பகுதி ரயில் கட்டணம். இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். பட்டம் வாங்க நினைப்பவர்களுக்கு இது உதவாது. சுமாரான ஆங்கிலமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு உதவும். முதல் ஐந்து படிகளை ஊரில் இருந்தபடியே முடித்துவிடலாம்.

1. கேள்வியைக் கைப்பிடி அளவுக்குச் சுருக்குங்கள் (இரண்டு வாரம்)

"அமெரிக்கப் புரட்சி ஏன் வந்தது?" என்று தொடங்கினால் ஆறு மாதத்துக்குப் பிறகும் முன்னுரைகளையே படித்துக்கொண்டிருப்பீர்கள். அனுபவித்துச் சொல்கிறேன். 13 காலனிகளுக்கும் 13 விதமான சட்டம், 13 விதமான பணக் கணக்கு. எல்லாவற்றையும் ஒன்றாகப் படிக்க நினைப்பவர் எதையும் படிப்பதில்லை.

ஒரு காலனி, முப்பது நாற்பது ஆண்டு, ஓர் ஆவணம். இந்த மூன்றையும் முடிவு செய்துகொண்டு இறங்குங்கள். நான் எடுத்துக்கொண்டது 1776 ஜூலை 2 அன்று நிறைவேறிய நியூ ஜெர்ஸி அரசமைப்பு. அதாவது, சுதந்திரப் பிரகடனத்துக்கு இரண்டு நாள் முன்பு. இங்கிலாந்தோடு சமரசம் ஏற்பட்டால் இந்தச் சாசனம் செல்லாது என்று அதன் கடைசியில் ஒரு பிரிவும் உண்டு. மதில்மேல் பூனையாக எழுதியிருக்கிறார்கள். அதில் வாக்குரிமைப் பிரிவு இவ்வளவுதான்: வயது நிரம்பிய, "பிரக்ளமேஷன் பணத்தில்" (அது என்ன பணம் என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்) 50 பவுண்டு பெறுமான சொந்தச் சொத்துள்ள, அந்த மாவட்டத்தில் 12 மாதம் வசித்த குடியிருப்பாளர் எவரும் வாக்களிக்கலாம். ஆண் என்றும் சொல்லவில்லை, வெள்ளையர் என்றும் சொல்லவில்லை. என் கேள்வி அங்கேயே பிறந்துவிட்டது: அந்த 50 பவுண்டு யாரிடம் இருந்தது?

நீங்கள் வேறு காலனியை எடுக்கலாம். புகையிலை, நிலம், அடிமை முறை ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால் வர்ஜீனியா. ஊர்க்கூட்டம், தேவாலயம், படித்தவர்களின் சண்டை என்றால் மாசசூசெட்ஸ். பிள்ளைகள் வீட்டில் தங்கப் போகிறவர்கள் அந்த மாநிலத்தையே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். காப்பகத்துக்கு டவுன் பஸ் தூரத்தில் இருப்பீர்கள்.

இந்த இரண்டு வாரமும் பின்புலத்துக்காக ஒன்றே ஒன்று கேளுங்கள். யேல் பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்டிருக்கும் ஜோயன் ஃப்ரீமனின் அமெரிக்கப் புரட்சி வகுப்பு. மொத்தம் 25 விரிவுரைகள். நாளுக்கு இரண்டு கேட்டால் முடிந்துவிடும். குறிப்பு எடுக்க வேண்டாம், காதில் விழட்டும்.

2. பணம் கட்டும் முன் இலவசக் கதவுகளைத் தட்டுங்கள்

நான் 80 டாலர் கொடுத்து ஜான் ஆடம்ஸின் கடிதத் தொகுதிகள் இரண்டை வாங்கினேன். கனமான புத்தகங்கள். வாங்கிய மறுவாரம் தெரிந்தது, அதே கடிதங்கள், அதே அடிக்குறிப்புகளோடு, ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன என்று. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் 2013-இல் திறந்த தளம் அது. வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஜெஃபர்சன், ஹாமில்டன், மாடிசன், ஜே ஆகிய, நாட்டை நிறுவிய தலைவர்களின் கடிதங்களும் எழுத்துகளுமாக 1,80,000-க்கும் மேற்பட்ட ஆவணங்கள். பதிவுகூடத் தேவையில்லை.

இந்தத் தளத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. வாட்ஸ்அப்பில் "ஜெஃபர்சன் சொன்னார்" என்று வரும் பொன்மொழியை இதில் போட்டுத் தேடிப் பாருங்கள். பாதி வராது. ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ வீட்டை நடத்துபவர்களும் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீட்டை நடத்துபவர்களும் இப்படிப்பட்ட போலி மேற்கோள்களுக்கென்றே தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, யேல் சட்டக் கல்லூரியின் அவலான் தளம். காலனிச் சாசனங்கள், அரசமைப்புகள், ஒப்பந்தங்கள் எல்லாம் தட்டச்சு செய்த வடிவில் அங்கே இருக்கின்றன. என் நியூ ஜெர்ஸி அரசமைப்பை அங்குதான் முதலில் முழுதாகப் படித்தேன். (நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹு யேலின் பெயர்தான் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு. அந்தக் கதைக்குள் போனால் இந்தக் கட்டுரை திரும்பி வராது.)

மாநிலங்கள் 19-ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட பழைய ஆவணத் தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் கிடைக்கும். நியூ ஜெர்ஸிக்கு இப்படி ஒரு நீண்ட வரிசையே உண்டு. ஆளுநர்களின் கடிதங்கள், செய்தித்தாள் துணுக்குகள், உயில்களின் சுருக்கம் எல்லாம் அதில் அடக்கம். ஹாதிடிரஸ்ட் தளத்திலும் இவை இருக்கின்றன. ஆனால், அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து திறந்தால் சில தொகுதிகள் திறக்காது. "புத்தகமே இல்லை போலிருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். அதே தொகுதி இன்டர்நெட் ஆர்க்கைவில் திறந்து கிடக்கும்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர். தனிநபர் கணக்கு இலவசம். மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், தரவிறக்க முடியாது. இந்தத் துறையின் முதன்மை ஆய்விதழான வில்லியம் அண்ட் மேரி குவார்ட்டர்லி அங்கே இருக்கிறது. முதலில் இதழின் நூல் மதிப்புரைகளைப் படியுங்கள். நான்கு பக்கத்தில் ஒரு புத்தகத்தின் சாரமும் அதன் ஓட்டையும் கிடைத்துவிடும். எதை வாங்குவது, எதை விடுவது என்பதும் தெளிவாகும்.

கட்டணத் தளங்களுக்குச் சந்தா கட்டாதீர்கள். நான் கட்டினேன். ஏழு நாள் இலவசம் என்று அழைத்தார்கள். எட்டாம் நாள் ஓர் ஆண்டுக்கான தொகையை அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். வங்கிக்காரனே ஏமாந்தான் என்று மருமகன் இன்றும் சிரிக்கிறார். அந்தத் தளத்தில் நான் பார்த்தவற்றில் முக்கால்வாசி வேறு இடங்களில் இலவசமாகவே இருந்தன.

3. தேதி, பணம், எழுத்து: மூன்று குழிகள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க நினைக்காதீர்கள். புதிதாக வருபவர்கள் விழுவது இங்கேதான். நான் மூன்றிலும் விழுந்தேன்.

தேதி. மன்னரின் தம்பியான யார்க் பிரபு நியூ ஜெர்ஸியை பெர்க்லி, கார்ட்டரெட் என்ற இருவருக்கு எழுதிக்கொடுத்தது 1664 ஜூன் மாதம். அவர்கள் இருவரும் குடியேற வருவோருக்கு அளித்த சலுகைச் சாசனத்தின் தேதி 1664 பிப்ரவரி 10. நிலம் கைக்கு வருவதற்கு நான்கு மாதம் முன்பே சலுகை அறிவித்துவிட்டார்களா? பெரிய மோசடியைக் கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் துள்ளிக்கொண்டிருந்தேன். விஷயம் என்னவென்றால், 1752 வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் புத்தாண்டு மார்ச் 25. பிப்ரவரி என்பது ஆண்டின் கடைசியில் வரும் மாதம். ஆகவே அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1665. தமிழருக்கு இது புரியாத சங்கதியே இல்லை; சித்திரையில் பிறக்கும் ஆண்டில் தையும் மாசியும் கடைசியில்தானே வருகின்றன? ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள எந்தப் பழைய தேதியையும் சந்தேகத்தோடு பாருங்கள். கவனமான பதிப்பாசிரியர்கள் 1664/65 என்று இரண்டு ஆண்டையும் போட்டிருப்பார்கள்.

1752 செப்டம்பரில் இன்னொரு சிக்கல். 2-ஆம் தேதிக்கு மறுநாள் 14-ஆம் தேதி. வாஷிங்டன் பிறந்தது அன்றைய கணக்கில் 1731 பிப்ரவரி 11. நாட்காட்டி மாறிய பிறகு 1732 பிப்ரவரி 22. இரண்டும் சரி.

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வேறு ஒரு தொல்லை. நியூ ஜெர்ஸி அன்று கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்திருந்தது; மேற்கு ஜெர்ஸி அவர்களால் நிரம்பிய பகுதி. கிழமை, மாதப் பெயர்கள் அயல் தெய்வங்களின் பெயர்கள் என்று ஒதுக்கிவிட்டு "முதல் மாதம்", "பதினொன்றாம் மாதம்" என்று எண்ணால் எழுதினார்கள். 1752-க்கு முன் அவர்களுடைய முதல் மாதம் மார்ச். பதினொன்றாம் மாதம் என்றால் நவம்பர் அல்ல, ஜனவரி.

பணம். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. இதுவரை எளிது. ஆனால் நியூயார்க் பவுண்டும் பென்சில்வேனியா பவுண்டும் லண்டன் பவுண்டும் ஒன்றல்ல. கையில் புழங்கிய நாணயம் ஸ்பானிய வெள்ளி டாலர். அதற்கு ஒவ்வோர் ஊரும் ஒரு விலை வைத்தது. லண்டன் கணக்கில் 4 ஷில்லிங் 6 பென்ஸ், பென்சில்வேனியாவில் 7 ஷில்லிங் 6 பென்ஸ், நியூயார்க்கில் 8 ஷில்லிங். 1704-இல் ஆன் அரசி ஓர் அறிக்கை விட்டு, எந்தக் காலனியும் 6 ஷில்லிங்குக்கு மேல் வைக்கக் கூடாது என்றார். அந்த அறிக்கை விகிதத்தில் எண்ணுவதுதான் "பிரக்ளமேஷன் பணம்". இப்போது 50 பவுண்டுக்கு வாருங்கள். 50 பவுண்டு என்பது 1,000 ஷில்லிங். ஆறால் வகுத்தால் ஏறக்குறைய 167 ஸ்பானிய டாலர். லண்டன் பணத்தில் 37 பவுண்டு 10 ஷில்லிங். "அமெரிக்காவில் 50 பவுண்டு இருந்தவர்" என்று லண்டன் விலைப்பட்டியலை வைத்து எழுதினால் கணக்கு காலில் ஒரு பங்கு உதைக்கும். கடைக்காரர்கள் அரசியின் விகிதத்தை மதித்தார்களா என்பது வேறு கேள்வி; நியூயார்க்கை ஒட்டிய கிழக்கு ஜெர்ஸியும் பிலடெல்ஃபியாவை ஒட்டிய மேற்கு ஜெர்ஸியும் பக்கத்து ஊர் விலையிலேயே வியாபாரம் செய்தன. அதனால் எந்தத் தொகையைக் குறித்தாலும் பக்கத்தில் "எந்த ஊர்ப் பணம்" என்று எழுதுங்கள்.

புரட்சிப் போர்க்காலத்து நோட்டுப் பணம் இதைவிட மோசம். காலனிகளின் கூட்டு மன்றமான காங்கிரஸ் அச்சடித்த டாலர் நோட்டு 1780 மார்ச்சில் 40 நோட்டுக்கு ஒரு வெள்ளி டாலர் என்ற நிலைக்கு அதிகாரபூர்வமாகவே இறக்கப்பட்டது. 1779-இல் இறந்த ஒரு விவசாயியின் சொத்துக் கணக்கில் பல்லாயிரம் பவுண்டு என்று பார்த்து "பெரும் பணக்காரர்" என்று குறித்து வைத்தேன். அவரிடம் இருந்தவை நான்கு மாடுகளும் கொஞ்சம் வைக்கோலும்.

எழுத்து. 1800 வரையுள்ள அச்சில் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் எஸ் எழுத்து, எஃப் போல நீண்டிருக்கும். கண் ஒரு வாரத்தில் பழகிவிடும். புள்ளி வைக்காத ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு ஒரு நாள் போதும். சிக்கல் கணினிக்குத்தான். அது எஸ்ஸை எஃப் என்றே படித்து வைத்திருக்கும். தேடல் பெட்டியில் ஒரு சொல் கிடைக்கவில்லையென்றால், எஸ் இருக்கும் இடத்தில் எஃப் போட்டு மறுபடி தேடுங்கள். கையெழுத்துப் படிகளில் ஒய்-இ என்று எழுதியிருப்பதை "யீ" என்று வாசிக்காதீர்கள். அது வெறும் "தி".

4. யார் ஆவணத்தில் இல்லை என்று கேளுங்கள்

50 பவுண்டு யாரிடம் இருந்தது என்று அறிய நான் பிடித்த வழி உயில்கள். நியூ ஜெர்ஸி ஆவண வரிசையின் உயில் சுருக்கங்களில் இறந்தவர் பெயர், ஊர், வாரிசுகள், பல இடங்களில் சொத்துப் பட்டியலின் மொத்தத் தொகை ஆகியவை இருக்கும். ஒரே மாவட்டத்தை எடுத்துக்கொண்டு பேரேட்டுப் பக்கம் போலக் கோடு கிழித்து எழுதிக்கொண்டு வந்தேன். பெரும்பாலோர் 50 பவுண்டைத் தாண்டினார்கள். "அப்படியானால் எல்லோருக்கும் வாக்கு" என்று முடிவுக்கும் வந்துவிட்டேன்.

தவறு. உயில் எழுதுபவர் யார்? சொத்துள்ளவர், வயதானவர். கூலிக்காரர் உயில் எழுதுவதில்லை. மேலும் அந்தப் பட்டியல்களில் மாடு, கட்டில், கடன் பத்திரம் எல்லாம் இருக்கும். நிலம் பொதுவாக இருக்காது. ஒரு பக்கம் கணக்கு கூடுகிறது, மறுபக்கம் குறைகிறது. மனைவி பெயர் சொத்துக்காரராக ஏன் வரவில்லை என்று பார்த்தால், அன்றைய சட்டத்தில் மணமான பெண்ணின் சொத்து கணவனின் கட்டுப்பாட்டில். ஆக, பெண்கள் வாக்களித்தார்கள் என்றால் பெரும்பாலும் கைம்பெண்களும் மணமாகாதவர்களும்தான். பாடப்புத்தகத்தின் "சொத்துள்ள பெண்கள்" என்ற இரண்டு சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறது.

1790-இல் ஏழு மாவட்டங்களுக்கும் 1797-இல் மாநிலம் முழுமைக்கும் வந்த தேர்தல் சட்டங்களில் "அவன் அல்லது அவள்" என்றே எழுதியிருக்கிறார்கள். 1807-இல் வெள்ளை ஆண் குடிமக்கள் மட்டும் என்று சட்டம் மாறியது. பெண்களோடு கறுப்பின மக்களும் வெளியே தள்ளப்பட்டார்கள். மாண்ட்கோமெரி என்ற ஊரின் 1801 வாக்காளர் பட்டியலில் நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. பிலடெல்ஃபியாவின் அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகம் இத்தகைய பட்டியல்களை இணையத்தில் வைத்திருக்கிறது. பெயர் பெயராகப் படிக்கலாம்.

சொற்களையும் நம்பாதீர்கள். "பிளான்டேஷன்" என்றால் 17-ஆம் நூற்றாண்டில் குடியேற்றம் என்றுதான் பொருள். தேயிலைத் தோட்டம் மாதிரி கற்பனை செய்யக் கூடாது. "சர்வன்ட்" என்பவர் ஒப்பந்தக் கூலியாகவும் இருக்கலாம், அடிமையாகவும் இருக்கலாம். முன்பு சொன்ன சலுகைச் சாசனத்தைப் படியுங்கள்: அழைத்துவரும் ஒவ்வொரு வேலையாளுக்கும் அடிமைக்கும் இத்தனை ஏக்கர் என்று குடியேறுபவருக்கு நிலம் தருகிறது. சுதந்திரத்தைப் பற்றிப் பேசும் அதே தாளில். மண்ணின் மக்களான லெனாப்பேக்கள் இந்தத் தாள்களில் பெரும்பாலும் நிலப் பத்திரத்தின் அடியில் ஒரு கீறலாகவும் குறியாகவும்தான் வருகிறார்கள். தப்பியோடிய அடிமைகளைத் தேடும் செய்தித்தாள் விளம்பரங்களைத் தவறாமல் படியுங்கள். உயரம், உடுப்பு, தெரிந்த தொழில், பேசும் மொழிகள் என்று ஒரு மனிதர் முழு உருவத்தில் தெரிவது அங்கேதான்.

5. குறிப்பேடு

ஆவணத்தின் பெயர், தேதி (எந்தக் கணக்கு), எங்கே பார்த்தேன், பக்க எண். இந்த நான்கும் இல்லாத குறிப்பு குப்பை. முதல் பயணத்தில் நான் எழுதிய இரண்டு நோட்டுகளும் அப்படித்தான் போயின.

6. வாசிப்பறைக்குப் போகும் முன்

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு, இருக்கப் போகிறவர்களுக்கு.

முதலில் நான் சிக்கிய பொறி. வாஷிங்டனின் கையெழுத்தைக் கண்ணால் பார்க்கும் ஆசையில் அதிகாலைப் பேருந்து பிடித்து ஒரு பெரிய நூலகத்துக்குப் போனேன். "இது இணையத்தில் இருக்கிறதே, அங்கே பாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எண்மமாக்கிய, மைக்ரோஃபிலிம் எடுத்த ஆவணங்களின் மூலத்தைப் பொதுவாக எங்கும் கொடுக்க மாட்டார்கள். எனவே இணையத்தில் இல்லாதது எது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு விவரப் பட்டியல் இருக்கும். அதிலிருந்து தொகுப்பின் பெயர், பெட்டி எண், கோப்புறை எண் மூன்றையும் குறித்து, மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேளுங்கள்: இது பார்க்கக் கிடைக்குமா? வெளிக் கிடங்கில் இருக்கிறதா? முன்பதிவு வேண்டுமா? வெளிக் கிடங்கில் இருந்தால் வந்து சேரச் சில நாட்கள் ஆகலாம். இரண்டு வாரம் முன்பே எழுதிவிடுங்கள். பதில் எழுதும் காப்பாளர்கள் பெரும்பாலும் தங்கமானவர்கள்.

அடையாளச் சான்று. கடவுச்சீட்டு போதும். காங்கிரஸ் நூலகத்தின் வாசகர் அட்டை இலவசம், 16 வயது நிரம்பிய எவருக்கும் கிடைக்கும், குடியுரிமை கேட்பதில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆய்வாளர் அட்டையும் இலவசம். இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதற்குள் நுழைய முடியாது. தற்போதைய முகவரி கேட்பார்கள், பிள்ளைகள் வீட்டு முகவரியைக் கொடுங்கள். உள்ளூர்ப் பொது நூலகம் மட்டும் முகவரிச் சான்று கேட்டுப் பிடிவாதம் பிடிக்கலாம். நம் பெயரில் மின் கட்டண ரசீது ஏது? மகளின் ரசீதும், "என் தந்தை என்னோடு தங்கியிருக்கிறார்" என்று அவள் கையெழுத்திட்ட கடிதமும் எங்கள் ஊரில் செல்லுபடியாயின. ஊருக்கு ஊர் விதி மாறும். அட்டை கிடைக்காவிட்டாலும் உள்ளே உட்கார்ந்து படிப்பதை யாரும் தடுப்பதில்லை.

எடுத்துப் போகவேண்டியவை: பென்சில், கைபேசி, சார்ஜர், ஸ்வெட்டர், பையை வைத்துப் பூட்டும் பெட்டகத்துக்குக் கால் டாலர் நாணயம் இரண்டு. பேனா கூடவே கூடாது. சட்டைப் பையில் செருகியிருந்தாலும் வெளியே வைக்கச் சொல்வார்கள். ஸ்வெட்டர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காகிதத்தின் ஆயுளுக்காக அறையைக் குளிராகவே வைத்திருப்பார்கள், மேல்கோட்டை உள்ளே விட மாட்டார்கள். திரைப்படங்களில் வருவது போல வெள்ளைக் கையுறை தேட வேண்டாம். காகித ஆவணத்துக்குக் கழுவித் துடைத்த கை போதும். ஒரு நேரத்தில் ஒரு கோப்புறை. வரிசையைக் கலைக்கக் கூடாது. ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கப் பெரும்பாலும் அனுமதி உண்டு, அவர்களையே நகலெடுக்கச் சொன்னால் கட்டணம். ஒவ்வொரு கோப்புறையின் முதல் படமாகப் பெட்டி எண் தெரியும் லேபிளை எடுங்கள். இல்லையென்றால் ஊருக்கு வந்த பிறகு 300 படங்களில் எது எங்கிருந்து வந்தது என்று முழிப்பீர்கள்.

நியூ ஜெர்ஸியில் இருப்பவர்களுக்கு முதல் இடம் டிரென்டனில் உள்ள மாநில ஆவணக் காப்பகம். உள்ளே போகக் கட்டணம் இல்லை. கிழக்கு ஜெர்ஸியின் நில உரிமையாளர் சபை 1998 வரை உயிரோடு இருந்தது என்றால் நம்புவீர்களா? 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்தச் சபை கலைந்தபோது அதன் பதிவுகள் இங்கே வந்து சேர்ந்தன. எடிசன் பக்கமிருந்து ரயில் ஏறினால் டிரென்டன் கடைசி நிறுத்தம். நிலையத்திலிருந்து காப்பகம் சுமார் இரண்டு கிலோமீட்டர். 62 வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, பிறந்த தேதி உள்ள அடையாள அட்டையை நடத்துநரிடம் காட்டுங்கள். பிலடெல்ஃபியா போக வேண்டுமென்றால் டிரென்டனில் இறங்கி பிலடெல்ஃபியாவின் புறநகர் ரயிலான செப்டாவுக்கு மாறுவது, ஆம்டிராக் என்ற நெடுந்தூர ரயிலில் நேராகப் போவதைவிட மிகவும் மலிவு.

பல மாநிலக் காப்பகங்கள் சனி, ஞாயிறு திறப்பதில்லை. கூட்டாட்சி விடுமுறைகளை நாட்காட்டியில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். பனிப்பொழிவு அறிவித்தால் காலையில் தளத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

7. விசா பற்றி ஒரு வார்த்தை

சுற்றுலா விசாவில் வந்தவர்கள் காப்பகத்தில் படிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் பக்கத்துக் கல்லூரியில் மதிப்பெண்ணோடு கூடிய பாடத்தில் சேராதீர்கள். அந்த விசாவில் அதற்கு அனுமதி கிடையாது. "ஒரே ஒரு பாடம்தானே" என்று நண்பர்கள் சொல்வார்கள். அடுத்த முறை விமான நிலையத்தில் கேள்வி கேட்பவர் அந்த நண்பர் அல்ல.

8. இடங்களைப் பார்க்கப் போகிறீர்களா?

வர்ஜீனியாவில் இரண்டு ஜேம்ஸ்டவுன் இருக்கின்றன. 1607-இல் ஆங்கிலேயர் இறங்கிய உண்மையான இடம் "ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன்". பக்கத்திலுள்ள "ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட்" மறுபடி கட்டிய காட்சியகம். இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட். பெயரைப் பார்க்காமல் வழிகாட்டிச் செயலி சொன்ன இடத்துக்குப் போய், அங்கிருந்த கப்பலின் முன் நின்று படம் எடுத்து, "1607-இன் கப்பல்" என்று உறவினர்களுக்கெல்லாம் அனுப்பியவன் நான். அது மாதிரி உருவம். பக்கத்திலிருக்கும் பழைய காலனித் தலைநகர் வில்லியம்ஸ்பர்க்கில் தெருக்களில் நடக்கக் காசு இல்லை, கட்டடங்களுக்குள் நுழையத்தான் டிக்கெட். பாதி நாள் தெருவிலேயே போய்விடும்.

நியூ ஜெர்ஸிக்குள்ளேயே பெர்த் அம்பாயில் கடைசி அரச ஆளுநர் வில்லியம் ஃபிராங்க்ளின் வசித்த வீடு இன்னும் நிற்கிறது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் மகன் அவர். தந்தை புரட்சியின் பக்கம், மகன் மன்னரின் பக்கம். 1776-இல் மகனைக் கைது செய்துவிட்டார்கள். வீடு எல்லா நாளும் திறந்திருக்காது, நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள்.

9. ஊருக்குத் திரும்பக் கிளம்புவதற்கு முந்தைய மூன்று வாரம்

புதிய பெட்டி எதையும் திறக்காதீர்கள். எடுத்த படங்களைத் தேதி, பெட்டி எண் வாரியாகப் பெயரிட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். படம் எடுக்க அனுமதி கிடைக்காத ஆவணங்களுக்கான நகல் விண்ணப்பத்தை இப்போதே கொடுத்து, மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். சில வாரம் பிடிக்கும். அட்டை மூலம் பணம் கட்டும் வேலையை அங்கே இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஊருக்கு வந்த பிறகு பன்னாட்டுப் பரிமாற்றக் கட்டணம், கடவுச்சொல், ஒருமுறைக் குறியெண் (ஓ.டி.பி.) வராத தொலைபேசி என்று ஒரு சிறு நகலுக்காக இரண்டு நாள் வங்கி வாசலில் நிற்க நேரிடும். நான் வேலை பார்த்த கிளையிலேயே என்னை நிற்க வைத்தார்கள்.